பிள்ளையின் உடல் ஓர் அமானிதம்

பத்து வயதில் 58 கிலோ எடை. கண்ணேறு பட்டுவிடக் கூடாதென்று என் மாமி நாள்தோறும் ஓதி ஊதுவார். மகனின் பருமனைச் செழிப்பென்றே எண்ணி நானும் பூரித்திருந்தேன்.

மதரஸாவின் மாடிப்படி ஏறும்போது கால்கள் வலிக்கின்றன என்று அவன் சொன்னபோது, சோம்பல் என்று கடிந்துகொண்டேன். அச்சொல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. வலி நீடிக்கவே மருத்துவரிடம் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் ‘டி’ மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம்தான் இருந்தது. 20-க்குக் குறைந்தாலே பற்றாக்குறை என்றார் டாக்டரம்மா. நாளொன்றுக்கு 2,000 யூனிட் வீதம் ஆறு வாரங்கள் மருந்து கொடுத்தேன். மறுபரிசோதனையில் அளவு 14-ஐத் தாண்டவில்லை.

மனம் சோர்ந்தது. “எனக்கு எழுதித் தந்த 60,000 யூனிட் மாத்திரை மீதமிருக்கிறது, தினம் ஒன்று கொடு, சீக்கிரம் ஏறிவிடும்” என்றார் அண்டை வீட்டு ராத்தா. அன்போடு தந்ததை மறுக்க இயலவில்லை. ஆயினும், பிரிக்குமுன் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அல்ஹம்துலில்லாஹ், அதுவே எங்களைக் காத்தது.

“இது கொழுப்பில் கரையும் வைட்டமின். பருத்த உடலில் பெரும்பகுதி கொழுப்பிலேயே பரவித் தங்கிவிடும். இரத்தத்தில் குறைவாகவே காணப்படும். ஆகவேதான் பருமனானவர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு தேவை என 2011-இல் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி நெறிமுறை வகுத்தது. ஆனால், அளவை நீங்களே கூட்டக் கூடாது. மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி வரும், சிறுநீரகமும் கெடும்” என்று விளக்கினார். அவர் மேற்பார்வையில் 4,000 யூனிட் கொடுத்தோம். மூன்று மாதங்களில் அளவு 24 ஆயிற்று, கால்வலியும் தணிந்தது.

மாத்திரை எடையைக் குறைக்காது என்பதையும் அவரே உணர்த்தினார். இப்போது வட்டிலப்பம் பெருநாளுக்கு மட்டுமே. விடுமுறை நாள்களில் லுஹருக்கு முன் சிறிது நேரம் வெயிலில் விளையாடுகிறான். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாதாம்.

சகோதரிகளே! பிள்ளையின் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் பருமனைக் கண்டு பெருமிதம் கொள்வதும், அதன் வலியைச் சோம்பல் என்று தள்ளுவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதாகாது.