டிபன் பாக்ஸில் இருந்தது என்ன?

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். மின்சாரச் சிக்கனம் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றரை வருடமாக மனசில் கிடக்கும் ஒரு டிபன் பாக்ஸ் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

எனக்கு ஊர் பாகூர் பக்கம். ஏரித் தண்ணீர் பாயும் நஞ்சை. மழைக்காலத்தில் நடவுக்குப் போகும் அம்மா, திரும்பும்போது முந்தானையில் நத்தை பொறுக்கி வருவாள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்தால் மண்ணைக் கக்கிவிடும். பிறகு வேகவைத்து, ஓட்டிலிருந்து முள்ளால் குத்தி எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு வழவழப்புப் போகும்வரை ஏழெட்டுத் தண்ணி கழுவ வேண்டும். அதுதான் பெரிய வேலை. மிளகு தூக்கலாகப் போட்டுச் சுருள வதக்கினால்... எழுதும்போதே எச்சில் ஊறுகிறது!

முதல் வருடம், ஐப்பசி மாதம். சாப்பாட்டு நேரத்தில் வில்லியனூர் நண்பன் என் டப்பாவில் கைவிட்டான்.

"என்னடா இது? சூப்பரா இருக்கு!"

"ஆட்டுக் குடல்டா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. பாதியைக் காலி செய்தான். அதற்கு முந்தின வாரம்தான் அதே பெஞ்சில் எவனோ யாரையோ "நத்தை திங்கிற கூட்டம்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். முகம் சுளிக்கிற அதே பெரிய மனிதர்கள் மூலம் வந்துவிட்டால் இருட்டினதும் பையோடு வந்து, "கொஞ்சம் நத்தை கெடைக்குமாம்மா?" என்பார்கள். மருந்து என்றால் தோஷம் இல்லை போலும்! 1954 வரை நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரன் நத்தையை வெண்ணெயும் பூண்டும் வைத்து விருந்தில் பரிமாறுகிறான். அவனுடையது தரை நத்தை, நம்முடையது வயல் நத்தை, அவ்வளவுதான் வித்தியாசம். 'எஸ்கார்கோ' என்றால் கௌரவம். நம் வயல் தவளையின் காலும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பூச்சியைத் தின்னத் தவளை வேண்டும் என்று 1987இல்தான் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கும் ஒரு காலத்தில் குதிரை ஆகாது. போப்பாண்டவர் மூன்றாம் கிரிகோரி 732 வாக்கில் கூடாது என்றார். பாரிஸில் குதிரைக் கறிக் கடைக்கு 1866இல்தான் அனுமதி கிடைத்தது. பக்கத்து இங்கிலாந்துக்காரனுக்கு இன்றைக்கும் குமட்டும்.

ஊரான் கதை கிடக்கட்டும், எங்கள் கதையையும் சொல்ல வேண்டுமே. அறுப்பு முடிந்ததும் வரப்பில் எலி பிடிக்க இருளர்கள் வருவார்கள். மண்சட்டியில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, வளைக்குள் புகையை ஊதி, மண்வெட்டியால் தோண்டினால் எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்கதிரும் கிடைக்கும். ஊருக்கெல்லாம் நெல்லைக் காப்பாற்றிக் கொடுக்கும் அவர்களைப் புதுச்சேரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2016 ஆகிவிட்டது. அவர்கள் எலி சுட்டுத் தின்பதைப் பார்த்து எங்கள் தெருவில், நத்தை தின்கிற நாங்களே, "சீ" என்று காறித் துப்பியிருக்கிறோம். சின்ன வயதில் நானும்தான். எனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்பதில் அப்படி ஒரு நிம்மதி!

அன்று சாயங்காலம் வீட்டில் டப்பாவைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "உன் கூட்டாளிப் புள்ளைக்கும் குடுத்தியா? புடிச்சுதாமா?"

"சூப்பரா இருக்குன்னான்மா."

அதுவரை உண்மைதான். அதிலிருந்து மழை பெய்தால், "அந்தப் புள்ளைக்கும் சேத்து எடுத்துக்கிட்டுப் போடா" என்று கூடுதலாக வைப்பாள். நான் வழியிலேயே தின்றுவிடுவேன்.

வில்லியனூர் நண்பா! இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். நத்தை தின்றது தப்பில்லை. உனக்குச் சொல்லாமல் தின்ன வைத்தது தப்பு. எது ஆகும், எது ஆகாது என்று முடிவு செய்ய வேண்டியவன் நீ. திட்டுவதானால் இன்டர்வெல்லில் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வா, அங்கேதான் இருப்பேன். சாப்பிடுவதானால் ஐப்பசி வரை பொறு. அம்மா உன் பங்கை எடுத்து வைப்பாள்.