லா பாஸில் குறைந்த செலவில் தங்குவது எப்படி? நாலாவது மாடி கற்றுக்கொடுத்த பாடம்!

"காத்து நல்லா ஜிலுஜிலுன்னு இருக்குட்டி!"

பொலிவியாவின் எல் ஆல்ட்டோ விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். இரவு பதினொரு மணி. அந்த விமான நிலையம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,060 மீட்டர் உயரத்தில். அம்மாவோ பிறந்ததிலிருந்து தூத்துக்குடிக் கடற்காற்றை சுவாசித்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் மென்பொருள் வேலையில் இருக்கும் மகளைப் பார்க்க வந்தவர், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பக்கத்து நாட்டையும் பார்த்துருவோம்" என்று ஆசைப்பட, இருவரும் லா பாஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வழியில் விமானம் மாறிய சாந்தா குரூஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரம் பறந்ததில், உடம்புக்குத் தகவலே சொல்லாமல் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஏறியிருந்தார்கள்.

மகள் பல இரவுகள் செல்போனில் தேடி அறை பிடித்திருந்தாள். பட்டியலிலேயே குறைந்த வாடகை. மூன்று இரவுக்கும் முன்பணம் கட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி. ஆனால், ரத்து செய்தால் ஒரு காசு திரும்பாது. "தூங்கத்தானே போறோம்? நமக்கு எதுக்குப் பெரிய ஹோட்டல்?" என்று அம்மாவும் சொல்லியிருந்தார். படத்தில் சுத்தமான கட்டில் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே இல்லிமானி பனிமலையும் தெரிந்தது.

படத்தில் தெரியாதவை இரண்டு. அறை இருந்தது நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அம்மா தன் பையைத் தானேதான் தூக்குவேன் என்றார். இரண்டாவது மாடியில் நின்றார். மூன்றாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அறைக்கு வந்ததும், "களைப்புதான், தூங்கினா சரியாப் போயிரும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

அதிகாலை மூன்று மணிக்கு மகள் கண்விழித்தபோது, அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணும் இல்லட்டி. படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தா பரவால்ல."

"எப்ப இருந்து?"

"வந்ததுல இருந்து தலைவலிதான். ரெண்டு தடவ வாந்தி."

"ஏம்மா என்னை எழுப்பல?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "மூணு நாளைக்கும் காசு கட்டியாச்சுன்னு சொன்னியே. வேற ரூம் பார்ப்போம்னு நீ சொல்லிருவ. அதான்."

மகள் நான்கு மாடி இறங்கி ஓடினாள். இரவுப் பணியில் இருந்த பெண்மணிக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். மகளுக்குத் தெரிந்ததோ போர்ச்சுக்கீசியம். அதை வைத்துப் பாதி புரிந்தது. அந்தப் பெண்மணி "சொரோச்சே" என்றார். மலை உயரத்தால் வரும் உபாதைக்கு அங்கே அதுதான் பெயர். கோக்கா இலை போட்ட சுடுநீர் ஒரு கோப்பை கொடுத்தார். பிறகு கையைத் தரையை நோக்கிக் காட்டி, "அபாஹோ, அபாஹோ" என்றார். கீழே போங்கள் என்று அர்த்தம்.

விடிந்ததும் பக்கத்து கிளினிக்கில் டாக்டர், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். நுரையீரலில் நீர் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் படி ஏறக் கூடாது, ஓய்வு வேண்டும், முடிந்தால் இன்றைக்கே கீழே இறங்கிவிடுங்கள் என்றார். கட்டிய இரண்டு இரவு வாடகையை விட்டுவிட்டு, அன்று காலையே இருவரும் அறையைக் காலி செய்தார்கள்.

மலிவு என்பது வாடகை மட்டுமல்ல

லா பாஸ் ஒரு பெரிய கிண்ணம் போன்ற ஊர். விளிம்பில், 4,000 மீட்டருக்கு மேல் எல் ஆல்ட்டோ. நடுவில், சுமார் 3,640 மீட்டரில் சான் பிரான்சிஸ்கோ தேவாலயமும் பழைய கடைத்தெருக்களும். அடியில், சுமார் 3,300 மீட்டரில் சோனா சூர் என்ற தெற்குப் பகுதி. ஒரே ஊருக்குள் எழுநூறு மீட்டருக்கும் மேல் வித்தியாசம்.

நகர மையத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அங்கே மூன்று முறை மூச்சு இழுத்தால்தான் தூத்துக்குடியில் இரண்டு முறை இழுத்த ஆக்சிஜன் கிடைக்கும். நாலு மாடிப் படிக்கட்டு அங்கே வேறு கணக்கு.

சோனா சூர் பகுதியில் வாடகை பொதுவாகக் கொஞ்சம் அதிகம். ஆனால் காற்று அடர்த்தி, குளிரும் குறைவு. அம்மாவும் மகளும் அங்கே ஒரு சின்ன விடுதியில் தரைத்தள அறை எடுத்தார்கள். அன்று மதியமே அம்மா படுத்துத் தூங்கினார். மறுநாள் தலைவலி விட்டது. மூன்றாம் நாள், "இட்லி கிடைக்குமாட்டி?" என்று கேட்டார். மகளுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

முதல் ஒன்றிரண்டு இரவு தாழ்வான பகுதியில் தங்கி, உடம்பு பழகியதும் நகர மையத்துக்கு மாறலாம். வசதியில் எதைக் குறைத்தாலும், முதல் இரவின் மூச்சில் குறைக்கக் கூடாது.

அறை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்பது முதல் கேள்வி. வயதானவர்கள் வந்தால் தரைத்தளம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். தெருவின் சரிவையும் பார்க்க வேண்டும். "சதுக்கத்திலிருந்து இரண்டே தெரு" என்பது லா பாஸில் மலையேற்றமாகவும் இருக்கலாம்.

அடுத்தது வெந்நீர். மலிவு விடுதிகளில் பெரும்பாலும் ஷவர் தலையிலேயே மின்சார ஹீட்டர் இருக்கும். குழாயை முழுதாகத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும். மெதுவாகத் திறந்தால் சூடாக வரும். ஈரக் கையால் ஷவர் தலையையோ ஒயரையோ தொடவே கூடாது. பணம் கட்டும் முன் குழாயைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. "ஆகுவா காலியென்தே?" என்று கேட்டால் வெந்நீர் உண்டா என்று அர்த்தம்.

அறையைச் சூடாக்கும் வசதியை மலிவு விடுதிகளில் எதிர்பார்க்க முடியாது. ஜூன், ஜூலை மாதங்களில் இரவுக் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். "ஃப்ரசாதா" என்றால் கம்பளி. கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

பெயர்ப் பலகைகளையும் தெரிந்துகொள்ளலாம். "அலோஹாமியென்தோ" என்று இருந்தால் மிக எளிய தங்குமிடம், குளியலறை பெரும்பாலும் பொது. "ரெசிதென்சியால்", "ஓஸ்தால்" எல்லாம் அதற்கு மேல். "பான்யோ பிரிவாதோ" தனிக் குளியலறை. "தெசாயுனோ" காலை உணவு. "மாத்ரிமோனியால்" என்ற அறையைப் பார்த்து, கல்யாண ஜோடிக்கு மட்டும் என்று மகள் முதலில் ஒதுக்கிவிட்டாள். அது இரட்டைக் கட்டில் போட்ட அறை, அவ்வளவுதான்!

பணம் கட்டுவதிலும் ஒரு கணக்கு

மகள் செய்த இரண்டாவது தவறு, மூன்று இரவுக்கும் மொத்தமாகக் கட்டியது. ஒரு இரவுக்கு மட்டும் பதிவு செய்து, நேரில் பார்த்துப் பிடித்தால் நீட்டிப்பதே பாதுகாப்பு. கூட்டமில்லாத நாட்களில், மூன்று நாள் தங்குகிறோம் என்று சொன்னால் நேரிலேயே வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். கிரான் போதேர் திருவிழா நடக்கும் மே, ஜூன் காலத்தில் மட்டும் முன்பதிவு அவசியம்.

உள்ளூர்ப் பணம் பொலிவியானோ. பல ஆண்டுகளாக ஒரு டாலரின் அதிகாரபூர்வ விலை 6.96 பொலிவியானோவாகவே இருந்தது. 2023-ல் டாலர் தட்டுப்பாடு வந்த பிறகு, வெளிச்சந்தையில் அதைவிட அதிகம் கிடைத்தது. அதனால், வாடகையைப் பொலிவியானோவில் கேட்டு, அன்றைய மாற்று விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கார்டா, ரொக்கமா என்று முடிவு செய்ய வேண்டும். சிறு விடுதிகளிலும் கடைகளிலும் பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைப்பது கஷ்டம். சின்ன நோட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு

உடம்பு தேறியதும் செலவுக் கணக்கை அம்மா தன் கையில் எடுத்துக்கொண்டார். ஐம்பது பைசாவுக்கும் கணக்கு எழுதியே குடும்பம் நடத்தியவர் அவர்.

காலையில் சந்தைக் கடையில் ஆப்பி. ஊதாச் சோளத்தில் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய சூடான கஞ்சி. கூடவே பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பூரி. "நம்ம கம்பங்கூழுக்குத் தங்கச்சி" என்றார் அம்மா. மதியம், சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தை ஒட்டிய லான்சா சந்தையில் "அல்முயெர்சோ" சாப்பாடு. சூப்பும் ஒரு முக்கிய உணவும் சேர்ந்தது. ஹோட்டல் உணவகத்தைவிட விலை மிகக் குறைவு. ஆனால் நிலக்கடலை சூப் என்றாலும் அது பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்ததாக இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் "சின் கார்னே" என்று சொல்வதோடு நிறுத்தாமல், சாறு எதில் வைத்தது என்றும் கேட்க வேண்டும்.

அறையில் எலெக்ட்ரிக் குக்கர் வைத்துச் சமைத்துக்கொள்ளலாம் என்ற திட்டமும் பலிக்கவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சாம்பார் இல்லை!

ஊர் சுற்ற டாக்ஸி தேவைப்படவில்லை. 2014-ல் தொடங்கிய "மி தெலெஃபெரிகோ" கேபிள் கார்தான் லா பாஸ் மக்களின் டவுன் பஸ். தொடங்கியபோது ஒரு டிக்கெட் 3 பொலிவியானோ. சோனா சூரில் பச்சை வழித்தடத்தில் ஏறி, லிபெர்த்தாதோர் நிலையத்தில் வெளிர்நீலத்துக்கு மாறினால் நகர மையம் வந்துவிடும். எனவே, தாழ்வான பகுதியில் தங்கினால் ஊரை விட்டு ஒதுங்கியதாக ஆகாது. ஜன்னலை ஒட்டி உட்கார்ந்த அம்மா, விடுதி விளம்பரப் படத்தில் இருந்த இல்லிமானியை அங்கிருந்துதான் முழுதாகப் பார்த்தார்.

இவற்றை அலட்சியம் செய்ய வேண்டாம்

இதய நோய், நுரையீரல் பிரச்னை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். உயரத்துக்கான மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் போடக் கூடாது. முதல் இரண்டு நாள் மது வேண்டாம், இரவு உணவு குறைவாக இருக்கட்டும். பாட்டில் தண்ணீரையோ கொதிக்கவைத்த தண்ணீரையோ அடிக்கடி குடியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், நுரையோடு இருமல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், உயரத்திலிருந்து இறங்கிவிட வேண்டும்.

கோக்கா தேநீர் பொலிவியாவில் சட்டப்படி கிடைக்கும். ஆனால் அந்த இலையையோ தேநீர்ப் பையையோ நினைவுப் பொருளாக எடுத்து வந்தால், வேறு நாட்டு விமான நிலையத்தில் சிக்கல்தான்.

ஊருக்குத் திரும்பும் முந்தின இரவு அம்மா தன் சின்ன நோட்டில் கணக்கை முடித்தார். சாப்பாடு, கேபிள் கார், கம்பளித் தொப்பி என்று ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, தங்காமலே போன இரண்டு இரவு வாடகைக்கு வந்தபோது பேனா நின்றது.

"நஷ்டம்னு எழுதிக்கோம்மா. தப்பு என்னோடதுதான்" என்றாள் மகள்.

அம்மா தலையசைத்து மறுத்தார். அந்தத் தொகையை மருந்துச் செலவுக்குக் கீழே எழுதி, கோடு போட்டார். பிறகு, "அடுத்த தடவ தலைவலின்னா உன்ன எழுப்பிருதேன்" என்று சொல்லி நோட்டை மூடினார்.