முதல் பிடி யாருக்கு?

வடித்த சோற்றின் முதல் பிடியைத் தமக்கென எடுத்துக்கொள்வது நம் இல்லங்களில் வழக்கமன்று. சுவாமிக்கு நைவேத்தியம், காக்கைக்கு ஒரு பிடி, வாசலில் பசியோடு வந்து நிற்பவருக்கு ஒரு பிடி. அதன் பின்னரே வீட்டாருக்கு இலை போடுவார்கள். கும்பகோணத்தில் ஒரு கோயிற்குளத்தின் அருகே ஐம்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்திய அம்மையார் ஒருவர், இந்த ஒழுங்கை ஒருநாளும் தவறவிட்டதில்லை. கணவர் மறைந்த பிறகு காக்கைக்கு வைக்கும் பிடிக்கு அவர் மனத்தில் தனிப் பொருளே உண்டாயிற்று. அது கரைந்துகொண்டு வந்து எடுத்தால்தான் அவருக்கு உணவு இறங்கும்.

மகன் டோக்கியோவில் கணினித் துறையில் பணிபுரிகிறார். இந்தியர் பலர் வாழும் நிஷி கசாய் பகுதியில் வீடு. மூன்று மாதம் தங்கிவர அம்மையாரை அழைத்துக்கொண்டார். அது ஜூன் மாதம்.

டோக்கியோவில் காக்கைகளுக்குப் பஞ்சமில்லை. நம் ஊர்க் காக்கையைவிடப் பெரியவை, அலகு தடித்தவை. தெருவோரத்தில் வைக்கப்படும் குப்பைப் பைகளை அவை கிழித்து இறைத்துவிடும் என்பதால், பைகளின்மேல் வலை போர்த்தி வைக்கிறார்கள். வந்த மறுநாள் கையில் சோற்றோடு பால்கனிக் கதவைத் திறந்த தாயை மகன் தடுத்தார்.

“வேண்டாம் அம்மா. இங்கே காக்கைக்குச் சோறு வைத்துப் பழக்கினால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை. முறையீடு வரும்.”

அம்மையார் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அன்று பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார். ஆடி அமாவாசைக்கு என்ன செய்வது என்ற கவலை அன்றே அவரைப் பற்றிக்கொண்டது.

பக்கத்து வீட்டில் தனியே வசித்தவர் ஒரு ஜப்பானிய மூதாட்டி. அவரும் கணவரை இழந்தவர். புதிதாக வந்த முதியவருக்கென்று அவர் அன்போடு ஒரு சூப் கொண்டுவந்து தந்தார். அந்நாட்டுச் சாறுகள் பலவற்றுக்கும் உலர்ந்த மீனே அடிப்படை என்று மருமகள் சொன்னதும், அம்மையார் கிண்ணத்தைத் தொடாமல் வைத்துவிட்டார். மூதாட்டியின் முகம் வாடியது. எட்டு வயதுப் பேத்திதான் ஜப்பானிய மொழியில் காரணத்தை எடுத்துரைத்தாள். அடுத்த வாரம் மூதாட்டி மீண்டும் வந்தார். இம்முறை கொம்பு எனப்படும் கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்து எடுத்த சாறு. மீனும் மாமிசமும் தவிர்க்கும் பௌத்த மடங்களின் சமையல் முறை ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக உண்டு. அந்த முறைப்படி அவர் சமைத்திருந்தார். முகம் தெரியாத ஒருவரின் ஆசாரத்துக்காகத் தம் சமையலை மாற்றிக்கொண்ட அந்த உள்ளத்தை நினைத்து அம்மையார் வெட்கினார். கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ஜூலை நடுவில் டோக்கியோவில் ‘ஓபோன்’ என்னும் நாட்கள் வந்தன. நாட்டின் மற்றப் பகுதிகள் பலவற்றில் இது ஆகஸ்ட் நடுவில் வரும். நம் மகாளயபட்சத்தைப் போல, மறைந்த முன்னோர் தம் இல்லம் தேடி வருவதாக அவர்கள் நம்பும் காலம் அது. மூதாட்டி அம்மையாரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். சுவரோரம் ஒரு சிறு மரமாடம். அதன் அருகே கணவரின் படம், விளக்கு, ஊதுவத்தி, சிறு மணி. ஒரு சிறிய கிண்ணத்தில் குவித்து வைத்த சோறு. அருகில் குச்சிகளைக் காலாகச் செருகிய ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும் நின்றன. வெள்ளரி குதிரையாம், முன்னோர் விரைந்து வருவதற்கு. கத்தரி மாடாம்; பிரிய மனமின்றி மெல்லத் திரும்பிப் போவதற்கு. பேத்தி சொல்லச் சொல்ல அம்மையாரின் கண்கள் பனித்தன.

அந்தச் சோறு பண்டிகைக்கு மட்டும் வைப்பதன்று என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாள்தோறும் காலையில் வடித்த சோற்றின் முதல் பகுதி அந்த மாடத்துக்குத்தான். பிறகு அதை எடுத்து வீட்டாரே உண்பர், வீணாக்கலாகாது. நாம் பிரசாதம் என்று எதைச் சொல்கிறோமோ, அதுவேதான்.

இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. ஓபோன் வழிபாட்டுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் கதை நம் நாட்டைச் சேர்ந்தது. புத்தரின் சீடரான மௌத்கல்யாயனர், இறந்த தம் தாய் பசித்த ஆவியாய் வருந்துவதை ஞானக்கண்ணால் கண்டார். அவர் கொடுத்த சோறு தாயின் வாயருகே நெருப்பாயிற்று. மழைக்காலத் தவம் முடித்த துறவியருக்கு அன்னமிடு, அந்தப் புண்ணியம் தாயைக் கரையேற்றும் என்றார் புத்தர். பசித்திருப்பவருக்கு இட்டது, கண்ணுக்குத் தெரியாத நம்மவரைச் சென்றடையும் என்ற நம்பிக்கை இங்கிருந்து அங்கே போயிருக்கிறது.

வேறு நாடுகளிலும் முதல் பிடியைக் காணலாம். பாலித் தீவின் இந்துக்கள் பெரும்பாலும் மாமிசம் உண்பவர்களே. ஆயினும் காலையில் சமைத்து முடித்ததும், சிறு வாழையிலைத் துண்டுகளில் சிறிது சோற்றை வைத்து அடுப்பிலும், நீர் இருக்கும் இடத்திலும், வீட்டுக் கோயிலிலும், முற்றத்திலும் படைத்துவிட்டே உண்கிறார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர்களுள் ஒன்று ‘யக்ஞ சேஷம்’. வேள்வியில் எஞ்சியதை உண்போர் பாவம் நீங்குவர், தமக்கென்றே சமைப்போர் பாவத்தையே உண்பர் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் அருளிய கருத்தையே அவர்கள் தங்கள் அடுக்களையில் நடத்திக் காட்டுகிறார்கள். தாய்லாந்திலோ பொழுது புலரும் வேளையில் பிட்சுக்கள் வெறுங்காலுடன் பாத்திரம் ஏந்தி வருவர். இல்லத்தார் காலணியைக் கழற்றிவிட்டு அன்று சமைத்த சோற்றை அதில் இடுவர். நண்பகலுக்குப் பின் பிட்சுக்கள் உண்பதில்லை. ஆதலால் காலையில் இடும் சோறே அவர்களின் அன்றைய உணவு.

எல்லா வழக்கமும் நம்முடையதோடு ஒத்துப்போகும் என்று எண்ணலாகாது. எத்தியோப்பியாவில் ‘டெஃப்’ என்னும் பொடித் தானியத்தின் மாவைச் சில நாட்கள் புளிக்கவைத்து, பெரிய தோசையைப் போல ‘இஞ்செரா’ சுடுகிறார்கள். அங்குள்ள பழைய கிறித்தவ மரபினர் புதன், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்கி விரதம் காக்கிறார்கள். இதுவரை நமக்கு இசைவே. ஆனால் குடும்பம் முழுவதும் ஒரே தட்டில் கைவைத்து உண்ணும். ஒருவர் தம் கையாலேயே மற்றவர் வாயில் கவளம் ஊட்டுவது அன்பின் அடையாளம். எச்சில் பார்க்கும் நமக்கு மனம் கூசும். எனினும் நிலாச்சோறு ஊட்டாத தாய் நம்மிடையே உண்டா? தம் வாயில் சுவைத்துப் பார்த்து இனியதையே படைத்த கண்ணப்பரைக் காளத்திநாதர் ஏற்றுக்கொள்ளவில்லையா? நம் ஆசாரத்தை நாம் காப்பது வேறு. பிறர் அன்பை அருவருப்பது வேறு.

ஆடி அமாவாசையும் வந்தது. காலையில் மகன் தர்ப்பணம் முடித்தார். இந்தியக் கடையில் கிடைத்த வாழைக்காயைக் கொண்டு அம்மையார் முறைப்படி சமைத்தார். பிறகு கையில் ஒரு பிடிச் சோற்றோடு பால்கனிக் கண்ணாடிக் கதவருகே வந்து நின்றார். எதிரே மின்கம்பியில் ஒரு காக்கை. நெடுநேரம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தனர். நண்பகல் கடந்தும் அம்மையார் உண்ணவில்லை, மற்றவர்களும் உண்ணவில்லை.

பேத்திதான் பேசினாள். “பாட்டி, பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் அவங்க தாத்தாவுக்குத்தானே முதலில் வைக்கிறாங்க? நாமும் நம்ம தாத்தா படத்துக்கு முன்னால் வைக்கலாமா?”

அம்மையார் சற்றுத் தயங்கினார். பின்பு கணவரின் படத்தின் முன் இலை போட்டுப் பரிமாறி வணங்கினார். “போய் அந்தப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வா” என்றார். வந்த மூதாட்டிக்கு முதல் இலை போட்டார். அவர் கைகூப்பித் தலைதாழ்த்தி, ‘இததாகிமாசு’ என்றார். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். ஜப்பானியர் இதைச் சொல்லாமல் உண்ணத் தொடங்குவதில்லை. இது யாருக்கான விருந்து என்று அவர் பேத்தியிடம் கேட்டார். அம்மையார் படத்தைக் காட்டினார். மூதாட்டி உடனே எழுந்து, அந்தப் படத்தின் முன் சென்று, இடுப்பு வளைய வணங்கினார். பின்னரே வந்து உண்டார். அவர் உண்டு எழுந்த பிறகு அம்மையாருக்கும் அன்று சோறு இறங்கியது.

காக்கைக்கு வைக்காத குறை அதனால் முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. செப்டம்பரில் ஊர் திரும்பியதும், மகாளயபட்சத்தில் அம்மையார் அக்குறையைத் தீர்த்துக்கொண்டார். ஆனால் அவருடைய பெரிய கவலை வேறு. தமக்குப் பின் இந்த முதல் பிடியை அக்குடும்பத்தில் யார் எடுத்துவைப்பார் என்பதே அது. அதற்கும் விடை கிடைத்துவிட்டது. டோக்கியோவில் பேத்தி இப்போது சாப்பிட உட்காருவதற்கு முன் தொலைபேசியில் பாட்டியை அழைக்கிறாள். “தாத்தாவுக்கு வைத்தாச்சு, பாட்டி” என்று சொல்லிவிட்டே தன் தட்டை எடுக்கிறாள். அறிவுரையாகச் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாளோ, என்னவோ. பக்கத்து வீட்டிலும் அதே பழக்கத்தைக் கண்டதனால், அது அவளுக்கு எளிதில் பற்றிக்கொண்டது.

இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரை எண்ணிச் சொன்ன வள்ளுவர், முன்னோரை முதலில் வைத்தார். தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று வரிசைப்படுத்தித் ‘தான்’ என்பதைக் கடைசியில் வைத்தார். பிள்ளைகளைக் காண அயல்நாடு செல்லும் பெரியோர், அந்நாட்டார் என்ன உண்கிறார்கள் என்று பார்ப்பதோடு நில்லாமல், உண்பதற்கு முன் யாரை நினைக்கிறார்கள் என்பதையும் பார்த்து வருவார்களாக. பேரக்குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி அங்கே காத்திருக்கும்.