கரைந்த கரு

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, எமக்குக் கற்பித்த ஆசான்மாரைப் பற்றி எழுதவே எண்ணினோம். எழுத அமர்ந்தபோது வந்ததோ எம் வீட்டு நாயின் கதை. அன்பர்கள் பொறுத்தருள்க.

வெள்ளச்சி முதன்முறை சினைப்பட்டதாகத் தோன்றியபோது வயிறு சற்றே பருத்துப் பின் வற்றிற்று. குட்டி ஒன்றும் பிறக்கவில்லை. கண்ணூறு என்றனர் லயத்தார். மறுமுறை, இணைசேர்ந்த 28ஆம் நாள், அதனை முச்சக்கர வண்டியிலேற்றி, அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குச் சென்றோம். மனைவியாரும் உடன் வந்தார். நாய்க்கு ஸ்கானா என்று நகைத்தாரும் உளர். எம்மிடம் தமிழ் கற்று, அங்கே மிருக வைத்தியம் பயிலும் மாணவன் ஒருவனே எம்மை வரச் சொல்லியிருந்தான்.

வயிற்று மயிரை மழித்துப் பசை தடவிக் கருவியை வைத்தனர். நம் செவிக்கு எட்டாத ஒலி உள்ளே சென்று பட்டு மீள்வதைத் திரை படமாக்கிக் காட்டுகின்றது. நீர் நிறைந்த பை கறுப்பாகவும், அதனுள் கரு வெண்மையாகவும் தெரிந்தன. நெஞ்சத் துடிப்போ மின்மினி போன்றது; நிமிடத்துக்கு 200க்கும் மேல் என்றனர். ஐந்து பைகள். நான்கில் துடிப்பு இருந்தது. ஐந்தாவது சிறுத்து, அசைவற்றிருந்தது.

வைத்தியர் ஆங்கிலத்திற் கூறியதை விளக்க முற்பட்ட மாணவன் தடுமாறினான்.

“சேர், இதற்குத் தமிழில் என்ன சொல்வது? வெளியே விழாது. ஏறத்தாழ 35 நாளுக்குள் இறக்கும் கருவைத் தாயுடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.”

கலைதல் எனக் கூற வாயெடுத்தோம், பொருந்தவில்லை. “கரைதல் என்று சொல், தம்பி” என்றோம்.

புரூசெல்லா என்னும் நுண்ணுயிரோ, ஓமோன் குறைவோ, கருவிலேயே அமைந்த பிழையோ காரணமாகலாம். பலவேளை காரணம் புலப்படுவதேயில்லை. ஒன்று கரைய, ஏனையவை செவ்வனே வளர்தலும் உண்டு. மனிதரிலும் முதல் மூன்று மாதங்களில் நிலையாது போகும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமசோம் பிழையால் அழிவனவாம். “தாய் செய்த குற்றமில்லை, சேர்” என்றான் மாணவன். மனைவியார் திரையையே நோக்கி நின்றார்.

18 ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்திலும் ஒரு கரு மூன்றாம் மாதத்தில் நிலையாது போயிற்று. மலையேறித் தண்ணீர் சுமந்ததால் வந்த வினையென எம் அன்னையார் பலகாலும் பழித்தார். சொல்லை விற்றே சோறுண்ணும் யாம் அன்று ஒரு சொல்லும் கூறினோமில்லை.

திரும்பும் வழியில், நாவலப்பிட்டி கடந்தபின், “அன்னைக்கு நீங்க இதச் சொல்லியிருக்கலாம்” என்றார் மனைவியார். விடை கூற இயலவில்லை. அன்றிரவு அடுப்பங்கரையில் அமர்ந்து அதுபற்றி நெடுநேரம் பேசினோம். அவர் அழுதார்; யாமும் அழுதோம்.

40ஆம் நாள் மீண்டும் பார்த்தபோது ஐந்தாவது பையின் சுவடே இல்லை. ஸ்கானில் எண்ணுவது தவறலாம் என்பதால், எலும்புகள் உருப்பெற்றபின், 57ஆம் நாள், எக்ஸ்ரே எடுத்தனர்; நான்கு. 62ஆம் நாள், மழையோடு மழையாக, நான்கும் பிறந்தன. சாக்கு விரித்து, விடியும்வரை விளக்கேந்தியிருந்தவர் மனைவியாரே. ஒரு குட்டி இப்போது அம்மாணவன் இல்லத்தில் வளர்கின்றது.