மாலை நெரிசலும் மாதக் கட்டணமும்

அகலப்பட்டை இணைப்புக்குக் கட்டணம் வகுப்பவர்கள் ஓரிடத்திலும், அதன் வழியே ஓடும் தரவுப் போக்குவரத்தை அளப்பவர்கள் வேறோரிடத்திலும் அமர்ந்திருப்பது தொலைத்தொடர்புத் தொழிலின் வழக்கம். ஆனால் ஓர் ஊரின் வலையமைப்பைத் தொடர்ந்து பராமரிப்பவர்களிடம் இவ்விரண்டும் ஒரே கேள்வியாகவே வந்து சேர்கின்றன: ஒரு வீட்டின் பயன்பாடு இன்னொரு வீட்டுக்கு எந்த நேரத்தில், எந்த அளவுக்கு இடையூறாகிறது? நாமக்கல் மாவட்டத்தின் காவிரிக்கரையில் உள்ள ஜேடர்பாளையம் போன்ற ஊர்களில், பகலில் தடையின்றி ஓடும் இணைப்பு இரவு எட்டு மணிக்கு மேல் திணறுவதும், "நெட் சுத்துது" என்று கேபிள்காரருக்கு அழைப்பு வருவதும் இக்கேள்வியின் அன்றாட வடிவங்கள்.

ஒளியிழை இணைப்பில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், தலைமைக் கருவியின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் ஓர் இழை, ஸ்பிளிட்டர் எனப்படும் பிரிப்பானால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. அந்த முனையின் இறக்க வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் என்பதால், 64 வீடுகளும் ஒரே கணத்தில் முழுமையாகப் பயன்படுத்தினால் வீட்டுக்கு 39 மெகாபிட் அளவே கிடைக்கும். ஆயினும் ஒவ்வொரு வீட்டுக்கும் 100 மெகாபிட் திட்டம் விற்கப்படுகிறது. இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் எல்லோரும் ஒரே கணத்தில் பயன்படுத்துவதில்லை என்ற புள்ளியியல் உண்மையே இணைப்பைச் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவருகிறது. ஜேடர்பாளையம் படுகையணையில் பிரியும் ராஜா வாய்க்காலை நம்பி வாழையும் வெற்றிலையும் வளர்ப்பவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. எல்லோரும் ஒருசேர மடை திறந்தால் கடைமடை காயும், முறை வைத்துப் பாய்ச்சினால் அதே நீர் அனைவருக்கும் எட்டும். வாய்க்காலில் கடைமடை இடத்தால் அமைகிறது, இணையத்தில் அது நேரத்தால் அமைகிறது என்பதே வேறுபாடு.

இந்தப் பகிர்வுக்குக் கணித அடிப்படை அமைத்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் எர்லாங். அழைப்புகள் எவ்வாறு தற்செயலாக வந்து சேர்கின்றன என்பதை 1909இலும், எத்தனை தடங்கள் இருந்தால் எத்தனை அழைப்புகள் மறுக்கப்படும் என்பதை 1917இலும் அவர் வாய்பாடுகளாக்கினார். அவர் வழியில் வளர்ந்த வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியின்படி, தடத்தின் கொள்ளளவில் பாதி நிரம்பியிருக்கும்போது ஒரு தரவுப் பொட்டலம் கடந்து செல்லும் நேரம், தடம் காலியாக இருக்கும்போது ஆவதைப் போல் 2 மடங்காகிறது. 80 விழுக்காடு நிரம்பினால் 5 மடங்காகவும், 95 விழுக்காட்டில் 20 மடங்காகவும் உயர்கிறது. லீலண்ட், தக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, கணினிப் போக்குவரத்து தொலைபேசி அழைப்புகளைப் போலச் சீராகக் கலந்துவிடாமல், நொடிக் கணக்கில் பார்த்தாலும் மணிக் கணக்கில் பார்த்தாலும் வெடிப்பு வெடிப்பாகவே வருகிறது என்று காட்டியதால், உண்மை நிலை இந்த மாதிரி சொல்வதைவிடக் கடுமையானதென்றே கொள்ள வேண்டும். ஆகவே அனுபவமுள்ள பொறியாளர் ஒரு நாளின் சராசரியை நம்புவதில்லை. சராசரி 30 விழுக்காடு என்று காட்டும் அதே தடம் இரவில் மூன்று மணி நேரம் மூச்சுத் திணறியிருக்கக்கூடும். உச்ச நேரப் பயன்பாடு 70 விழுக்காட்டைத் தாண்டும்போதே கொள்ளளவைக் கூட்டத் திட்டமிடுவது இத்தொழிலின் பொறுப்புணர்வு.

விலையால் போக்குவரத்தை நகர்த்த முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. எஸ்டிடி கட்டணம் இரவில் அரையாகவும் காலாகவும் குறைந்த காலத்தில், அந்த நேரத்துக்காக மக்கள் பூத் வாசல்களில் காத்திருந்தனர். 2005இல் தொடங்கிய பிஎஸ்என்எல் டேட்டாஒன் சேவையின் சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரையிலான பயன்பாடு கணக்கில் சேராததால், பெரிய கோப்புகளை அந்நேரத்தில் இறக்குமாறு கணினியை அமைத்துவிட்டு உறங்கச் செல்வது வழக்கமாயிற்று. பின்னர் வந்த நியாயப் பயன்பாட்டு வரம்பு இந்த நுட்பத்தைக் கைவிட்டது. மாத அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைக்கும் அம்முறையில், யாருக்கும் இடையூறின்றி விடியற்காலையில் இறக்கியவரும் நெரிசல் வேளையில் இறக்கியவரும் ஒரே தண்டனையைப் பெறுகின்றனர். உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுபட்ட கட்டணம் விதிப்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடைசெய்தது சரியான முடிவே. எதைப் பார்க்கிறார் என்பதற்கு விலை வைப்பது உரிமையைத் தொடுவது, எப்போது பார்க்கிறார் என்பதற்கு விலை வைப்பதோ பொதுத் தடத்தைப் பங்கிடுவது.

மொத்த விற்பனைச் சந்தையில், நெரிசல் நேரத்துக்கு விலை வைக்கும் இவ்வறிவு முன்பே இடம்பெற்றுள்ளது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டை அளந்து, 30 நாளில் கிடைக்கும் 8,640 அளவீடுகளில் மிக உயர்ந்த 5 விழுக்காட்டைத் தள்ளி, எஞ்சியவற்றுள் பெரியதற்கு விலை பேசும் முறை உலகெங்கும் வழக்கிலுள்ளது. தள்ளப்படுவது மாதத்துக்கு 36 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு 72 நிமிடம். திடீரென்று எழும் உச்சம் மன்னிக்கப்படுகிறது, நாள்தோறும் மூன்று மணி நேரம் நீடிக்கும் நெரிசல் விலையாகிறது. தடத்தை மொத்தமாக வாங்குபவர் நெரிசல் நேரத்துக்குத்தான் பணம் தருகிறார் என்றால், அவரிடமிருந்து சில்லறையாக வாங்கும் குடும்பத்துக்கு அந்நேரத்தில் என்ன கிடைக்கும் என்பதை மறைப்பதற்கு நியாயம் இல்லை.

இந்தியாவில் அகலப்பட்டை எனப்படுவதற்கான குறைந்தபட்ச இறக்க வேகம் 2004இல் நொடிக்கு 256 கிலோபிட்டாக இருந்து, 2023இல் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. ஆனால் வாடிக்கையாளருக்குத் தேவையான எண் இவ்வரையறையிலும் இல்லை, விளம்பரத்தின் "100 எம்பிபிஎஸ் வரை" என்ற சொற்றொடரிலும் இல்லை. இரவு எட்டு முதல் பதினொன்று வரை அவருடைய தெருவில் பெரும்பாலான நாள்களில் உறுதியாகக் கிடைக்கும் வேகமே அந்த எண். அதைக் கணிக்கத் தேவையான அளவீடுகளைத் தலைமைக் கருவிகளிலிருந்து எடுத்துச் சேமிப்பது இத்தொழிலில் ஏற்கெனவே உள்ள நடைமுறை என்பதால், கட்டணப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் அதை அச்சிடுவதற்குப் புதிய முதலீடு வேண்டியதில்லை. அவ்வாறு அச்சிடும் நிறுவனம் தன் கொள்ளளவை உரிய காலத்தில் கூட்டியாக வேண்டும். கூட்ட இயலாதபோது, பெரிய இறக்கங்களை விடியற்காலைக்குத் தள்ளிவைப்பவர்களுக்குக் கட்டணச் சலுகை தர வேண்டும். விலையும் அளவீடும் இவ்வாறு ஒரே தாளில் வரும்போதுதான், ஜேடர்பாளையத்தில் இரவில் பாடம் பார்க்கும் மாணவருக்கு அவர் குடும்பம் கொடுத்த பணத்துக்குரிய சேவை கிடைக்கும்.