கடற்பயணத்தின் கடைநாள்கள்

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கு விளிம்பில் அமைந்தது நார்வே நாடு. கடல் தன் கைகளை நிலத்தினுள் நீட்டினாற்போல் அதன் கரையெங்கும் ஆழ்ந்த கழிகள் நுழைந்துள்ளன. அவற்றைப் ‘பியோர்டுகள்’ என்பர். மலையும் கழியும் மாறி மாறிக் குறுக்கிட்டமையால் தரைவழிச் செலவு பண்டு அரிதாயிற்று. கடலே அம்மக்களுக்குப் பெருவழியாக விளங்கியது.

தெற்கேயுள்ள பெர்கன் நகரிலிருந்து வடகோடியிலுள்ள கிர்க்கெனஸ் வரை சென்று மீளும் கப்பற்பயணம் 12 நாள் கொண்டது. வழியில் துறைகள் 34. அப்பயணத்தின் இறுதி மூன்று நாள்கள் இயற்கையின் எழிலையும் மனிதரின் உறுதியையும் ஒருங்கே காட்டுவன.

பத்தாம் நாட் காலையில், தெற்கு நோக்கி வரும் கப்பல் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கின்றது. சிறு பாறைத்தீவு ஒன்றின்மேல் நிறுவிய உலக உருண்டையே அவ்வெல்லையின் அடையாளம். பின்னர் ‘ஏழு சகோதரிகள்’ என்னும் மலைமுடிகள் தோன்றுகின்றன. பனி போர்த்து வரிசையாக நிற்கும் அவற்றின் பொலிவை என்னென்பது! அவற்றிற்குத் தெற்கே இருப்பது டோர்காட்டன் குன்று. அதன் நடுவே 160 மீட்டர் நீளமுள்ள துளை ஒன்று ஊடுருவிச் செல்கின்றது. குதிரைவீரன் ஒருவன் கன்னி ஒருத்தியின்மேல் அம்பெய்ய, அவளைக் காக்க அரசன் தன் தொப்பியை எறிந்தான். அம்பு தொப்பியைத் துளைத்தது. அவ்வேளை கதிரவன் எழவே அனைவரும் கல்லாயினர் என்பது அந்நாட்டார் கூறும் கதை. பனியும் நீரும் பன்னெடுங்காலம் பாறையை அரித்தமையே காரணம் என்பர் அறிவியலார்.

பதினோராம் நாட் காலையில் கப்பல் டிரான்தீம் துறையை அடைகின்றது. பயணிகள் பழம்பெருங் கோயிலைக் காண விரைவர். ஆயினும், நினைத்தற்குரிய செய்தி துறையிலேயே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்நகருக்கு வடக்கே இருந்த கலங்கரை விளக்கங்கள் 28 மட்டுமே. பாறை செறிந்த அக்கடலில், கதிரவனே தோன்றாத மாரிக்கால இருளில், கப்பல் செலுத்துதல் இயலாது என்றனர் பலர். இயலும் என்றார் ரிச்சர்டு வித் என்னும் மீகாமர். அவர் வீண்துணிவு கொண்டவர் அல்லர். எத்திசையில், எவ்வேகத்தில், எவ்வளவு நேரம் செல்லவேண்டும் என்பதைப் பயணந்தோறும் குறித்துவைத்தவர். அக்குறிப்புகளும் திசைகாட்டியும் கடிகாரமுமே இருளில் அவர்க்குக் கண்களாயின. 1893ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் அவரது கப்பல் ‘வெஸ்டரோலன்’ இத்துறையிலிருந்து வடக்கே புறப்பட்டது. மாரிக்காலத்தில் மடலுக்கும் மருந்துக்கும் ஏங்கியிருந்த கரையோர ஊர்கள் அதனால் புத்துயிர் பெற்றன. இரண்டாம் உலகப்போரில் இவ்வழியே சென்ற கப்பல்கள் பல மூழ்கின; பயணிகளும் மாலுமிகளும் மாண்டனர். எனினும் இவ்வழி மறைந்தொழியவில்லை.

அன்று நள்ளிரவில் ஓலெசுண்டு நகரின் விளக்குகள் நீரில் ஒளிர்கின்றன. 1904ஆம் ஆண்டு பெருந்தீயில் வெந்து, சில ஆண்டுகளிலேயே கல்லாலும் செங்கல்லாலும் எழுந்த நகரம் அது.

பன்னிரண்டாம் நாள் பிற்பகலில் பெர்கன் நகரின் பழைய மரவீடுகள் கண்ணுக்குப் புலனாகின்றன. பயணிகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, மலைகளை ஒருமுறை திரும்பி நோக்கிப் பிரிகின்றனர். அவர்க்குப் பயணம் முடிந்தது, கப்பலுக்கோ முடியவில்லை. சரக்கை இறக்கி, புதுச் சரக்கை ஏற்றி, அன்றிரவே அது மீண்டும் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றது. தொலைவிலுள்ள சிற்றூர்த் துறையில் அதன் வரவை எதிர்நோக்குவோர் இருக்கின்றனர் அல்லவா? கண்டு மகிழ்வோர்க்கு அழகாகத் தோன்றும் அவ்வழி, ஒருவர் இருளில் பொறுமையுடன் எழுதிவைத்த குறிப்புகளால் பிறந்தது. பிறர்க்குப் பயன்படும் பணி இருளிலும் தன் வழியைக் கண்டுகொள்ளும்.