செட்வொர்த் கண்டேன்

இங்கிலாந்து சென்று மீண்டவன் என்று தெரிந்ததும் நண்பர்கள் அனைவரும் லண்டன் மாநகரைப் பற்றியே வினவுகின்றனர். தேம்ஸ் நதியையும் அதன் பாலங்களையும் அரண்மனைகளையும் வருணித்து எழுதியோர் பலர். ஆதலின் அவற்றை விடுத்து, அந்நாட்டின் உட்பகுதியில், ஒரு காட்டோரப் பள்ளத்தாக்கில் நான் கண்ட பழைய பண்ணை மாளிகை ஒன்றைப் பற்றி எழுத விழைகிறேன். செட்வொர்த் என்பது அவ்வூரின் பெயர். அங்கே வெளிப்பட்ட ஒரு தரை, பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் குடித்தனம் நடத்தும் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

பர்மிங்ஹாம் நகரில் என் தமக்கையார் குடும்பம் வசிக்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில் அத்தான் காரை ஓட்ட, அக்காள் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டு வர, அவர்களுடைய ஒன்பது வயது மகளோடு நான் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றேன். காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியை அடைந்ததும் நிலத்தின் தோற்றமே மாறியது. வீடுகள், வேலிச் சுவர்கள், மாதா கோயில்கள் யாவும் தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டவை. சரிவுகளில் ஆடுகள் மேய்கின்றன. ரோமானியர் அமைத்த ஃபாஸ் வே என்னும் நெடுஞ்சாலை நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. அதை விட்டு விலகி, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத சந்துகளில் வளைந்து இறங்கினால் கோல்ன் என்னும் சிற்றாறு. அதன் பக்கத்துச் சரிவில், மூன்று புறமும் மரங்கள் சூழ, அந்த மாளிகையின் அடிச்சுவர்கள் கிடக்கின்றன.

ரயில்வே குமாஸ்தாவாகிய என் கண்ணில் முதலில் பட்டது மாளிகையன்று. அதன் அருகே மரங்களுக்கிடையில் செல்லும் ஒரு பழைய இருப்புப்பாதைத் தடம். 1891இல் திறக்கப்பெற்ற அப்பாதையில், செல்ட்டனம் நகருக்கும் தெற்கேயுள்ள ஆண்டோவருக்கும் இடையே வண்டிகள் ஓடின. 1961இல் அது மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டனர், இன்று அவ்விடம் செடிகொடிகளுக்கும் பறவைகளுக்கும் உரிய காப்பிடம். எழுபது ஆண்டுகள் ஓடிய ரயில் மறைந்துவிட்டது. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய வீடோ அதன் அருகே இன்னும் வெயில் காய்கிறது!

இம்மாளிகை 1864இல் வெளிப்பட்டது. வேட்டைக் காட்டின் காவலன் ஒருவன் முயல் வளையருகே தோண்டியபோது சிறு சிறு வண்ணக் கற்கள் கிடைத்தனவாம். ஜேம்ஸ் ஃபாரர் என்னும் பழம்பொருள் ஆர்வலர் அகழ்வை நடத்தினார். நிலத்துக்குரிய எல்டன் பிரபு செலவை ஏற்றுக் கூரைகளும் ஒரு சிறு காட்சிசாலையும் அமைத்தார். 1924 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பு இதைப் பேணி வருகிறது. 2012இல் எழுப்பிய புதிய கூடத்தினுள், தரைகளின்மேல் கால் படாதபடி தொங்கும் நடைபாதை அமைத்துள்ளனர். அதில் நின்று நாம் குனிந்து பார்க்கலாம்.

ரோமானியப் படை பிரிட்டனில் வந்திறங்கியது கி.பி. 43இல். இவ்வீடு இரண்டாம் நூற்றாண்டில் எளிய கட்டடமாகத் தொடங்கி, நான்காம் நூற்றாண்டில் முற்றத்தின் மூன்று புறமும் அறைகள் வரிசையாக அமைந்த பெருமாளிகையாக வளர்ந்தது. குளிரை வெல்ல அவர்கள் கையாண்ட முறை வியக்கத்தக்கது. தரையைக் குட்டைத் தூண்களின்மேல் ஏற்றி, வெளியே ஓர் அடுப்பை மூட்டி, அதன் அனலைத் தரைக்கு அடியிலும் சுவர்களிலுள்ள குழாய்கள் வழியாகவும் செலுத்தினார்கள். குளிப்பதற்கோ இரண்டு தொகுதிகள்: ஒன்று நீராவி வெப்பம், மற்றொன்று வறண்ட வெப்பம். வடமேற்கு மூலையில் ஓர் ஊற்று. எண்கோணத் தொட்டியில் அதன் நீர் இன்றும் வந்து விழுகிறது. ஊற்றுத் தேவதையை வழிபட்ட அவ்விடத்தின் கல் ஒன்றில், பின்னாளில் எவரோ கிறிஸ்துவின் சின்னத்தைக் கீறியுள்ளனர். உணவுக்காக ரோமானியர் கொணர்ந்த பெரிய நத்தையின் சந்ததி அங்குள்ள புல்லில் இன்றும் ஊர்கிறது. என் மருமகள் அதைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்தாள்.

விருந்தறையின் மொசைக் தரையில் பருவங்களை உருவங்களாகப் பதித்துள்ளனர். அவற்றில் கூதிர்காலத்தான் என் நெஞ்சைக் கவர்ந்தான். தலையை மூடும் முக்காட்டு அங்கி, ஒரு கையில் முயல், மறு கையில் இலையற்ற கிளை. பிரிட்டனின் கம்பளி அங்கி ரோமப் பேரரசெங்கும் பெயர் பெற்றது, கி.பி. 301இல் டயோக்ளீஷியன் மன்னன் பிறப்பித்த விலைக் கட்டளையிலும் அது இடம் பெற்றுள்ளது. கதை ரோமாபுரிக் கதை, சட்டை உள்ளூர்ச் சட்டை! இத்தகைய மாளிகைகளில் வாழ்ந்தோர் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்தவரல்லர்; ரோமானிய வாழ்வைத் தமதாக்கிக்கொண்ட அந்நாட்டுச் செல்வரே. நாட்டுப்புற மக்களில் மிகப் பலரோ இவ்வகை மாளிகையைச் சாராத எளிய குடியிருப்புகளில் உழுதும் ஆடு மேய்த்தும் வாழ்ந்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

கி.பி. 410ஐ ஒட்டி ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டு நீங்கிற்று. அதன்பின் படைகளுக்குச் சம்பளம் வரவில்லை; புதிய நாணயம் வரவில்லை; நகரங்கள் தேய்ந்தன. அக்காலத்து மக்கள் என்ன செய்தனர்?

ஒரு குடும்பம் செய்ததை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்டேன். சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்னும் சிற்றூரில், 1992இல், குடியானவர் ஒருவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அதைத் தேடப் போன நண்பரின் உலோகங்காட்டும் கருவிக்குக் கிடைத்தது பெரும் புதையல். சுமார் 15,000 நாணயங்கள், பொன் நகைகள், வெள்ளிக் கரண்டிகள். அவற்றோடு நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள்! ரோமானியரின் மிளகு அன்றைய சேர நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறியது. முசிறியில் யவனர் மிளகு கொண்டதை அகநானூறும் குறிப்பிடுகிறது. பட்டத்தரசி போன்ற வடிவுடைய சிமிழின் முன் நான் நெடுநேரம் நின்றேன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்செல்வத்தை மரப்பெட்டியில் அடுக்கிப் புதைத்தவர்கள் மீண்டும் வந்து எடுக்கவேயில்லை.

செட்வொர்த் குடும்பத்தார் செய்தது வேறு. 2017இல் மாளிகையின் வடபுறத்து அறையொன்றை அகழ்ந்தபோது, அவ்வறைக்கென எழுப்பிய சுவரின் அடித்தளக் குழியிலிருந்து கரித்துண்டும் எலும்பும் கிடைத்தன. அவற்றின் வயதைக் கதிரியக்கக் கரிமக் கணிப்பால் ஆராய்ந்தனர். அச்சுவர் கி.பி. 424க்கு முன் எழுந்திருக்க இயலாது எனத் தெரிந்தது. சுவருக்கு ஏற்ப இட்ட மொசைக் தரையும் அதற்குப் பிற்பட்டதே. அதாவது ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 2020இல் இம்முடிவு வெளியானதும் அறிஞர் வியந்தனர். ஆட்சி போனதும் மாளிகைகள் பாழாயின என்றன்றோ அதுவரை எண்ணியிருந்தனர்? ஆட்சி நீங்கி ஒரு தலைமுறை கழிந்த பின்னும், இங்கே ஒருவர் புதுச் சுவர் எழுப்பி, ஆள் அமர்த்தி, முன்னோர் வழக்கப்படி தரை இட்டிருக்கிறார்!

அத்தரையைப் படத்தில்தான் கண்டோம். ஓரத்தில் வட்டங்கள், ஒன்றில் பூ, அடுத்ததில் முடிச்சு என மாறி மாறி வருகின்றன. ஆனால் நான்காம் நூற்றாண்டுத் தரைகளின் திருத்தம் இதில் இல்லை. வேலையிற் பிழைகளும் உள்ளன என்கின்றனர் ஆய்வாளர். அதைக் கேட்ட என் மருமகள், “தப்பாகப் போட்டிருந்தால் பெயர்த்துவிட்டு மறுபடி போட்டிருக்கலாமே, அப்பா?” என்று கேட்டாள்.

“நன்றாகப் போடத் தெரிந்தவர்கள் அப்போது அருகே இல்லையம்மா. தெரிந்த அளவுக்குப் போட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு நாம் பார்க்கிறோம்” என்றார் அத்தான்.

அச்சொல் என்னைச் சுட்டது. காரணத்தை மறையாது கூறிவிடுகிறேன். என் மகன் இந்தி வழிப் பள்ளியில் பயில்பவன். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில்தான் தமிழ் எழுத்துக் கற்றான். நான் பயணம் புறப்படுவதற்கு முன், கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில் இருக்கும் தன் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் காட்டினான். “நான் தினமும் பல்லிக்குப் போகிறேன்” என்றிருந்தது. லகர ளகர ழகரம் ஒன்றும் அதனதன் இடத்தில் இல்லை. நான் சினந்து, “இதைப் பார்த்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்?” என்று கிழித்துவிட்டேன், போனில் பேசினால் போதும் என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். அதன்பின் நோட்டைத் திறக்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அவனை அருகே அமர்த்தி, செட்வொர்த் தரையின் கதையைச் சொன்னேன். “கிழித்தது அப்பா செய்த தவறு. மறுபடி எழுது; ஒரு எழுத்தையும் திருத்தமாட்டேன்” என்றேன். இரண்டு நாள் கழித்தே எழுதினான். இம்முறையும் பல்லிதான்! அப்படியே உறையிலிட்டுத் தபாலில் சேர்த்தேன். என் தாயார் அக்கடிதத்தைப் பூஜை அறையில் வைத்திருப்பதாகவும், அடுத்த கடிதம் எப்போது வரும் என்றும் போனில் கேட்டார்.

நம் வீடுகளில் குழந்தைகள் இடும் கோலத்தில் புள்ளி தவறலாம். எழுத்தில் ழகரம் பிறழலாம். கற்றுத் தருவது நம் கடமையே. ஆயினும் பிழைக்கு நாணிக் கோலத்தையே கலைத்துவிடுதல் தகாது. இங்கிலாந்து செல்லும் அன்பர்கள் வாய்ப்பிருப்பின் செட்வொர்த்துக்கும் ஒரு முறை சென்று வருவார்களாக. குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வார்களாக.